மாஸ்டடானில் குறிச்சொற்கள்: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் சில வருடங்களாக எழுதி வருகிறேன். அது ஒரே இடத்தில் இயங்குவதல்ல, வெவ்வேறு நிர்வாகிகள் நடத்தும் பல சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்தது. படித்த நூல்கள், பார்த்த பறவைகள், கணினிக் குறிப்புகள் எல்லாம் ஒரே கணக்கில்தான் கிடக்கின்றன. பழைய பதிவு ஏதாவது வேண்டுமென்றால் நான் முதலில் போவது குறிச்சொல்லுக்குத்தான், அதாவது # போட்டு எழுதும் ஹாஷ்டேகுக்கு. தமிழில் எழுதுகிறவர்களுக்கு அது மிகவும் அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

பதிவுக்குள் 'புத்தகத்தை', 'புத்தகத்திலிருந்து' என்றுதான் எழுதியிருப்போம். வேற்றுமை உருபு சேர்ந்ததும் சொல்லின் கடைசி எழுத்தே மாறிவிடுகிறது. 'புத்தகம்' என்று தேடினால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலில் அந்தப் பதிவுகள் சிக்காது. பதிவின் முடிவில் #புத்தகம் என்று போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. அப்புறம், மீன்கொத்தியைப் பற்றி எழுதும்போது 'பறவை' என்ற சொல்லே வராமல் போகலாம். அங்கேயும் #பறவை கைகொடுக்கும்.

பதிவில் உள்ள எல்லாச் சொற்களிலும் தேடும் முழு உரைத் தேடல் எல்லா சர்வரிலும் இருக்காது, அதற்கு நிர்வாகி தனியாக எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளை நிறுவ வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்பிலிருந்து மற்றவர்களின் பொதுப் பதிவுகளையும் தேடலாம் என்றாலும், எழுதியவர் அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும். குறிச்சொல்லுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. பதிவு பொதுவானதாக இருந்தால் போதும்.

பெயர் வைப்பதில்தான் கவனம் வேண்டும். #சிறுகதை, #சிறுகதைகள் இரண்டும் வேறு வேறு பக்கங்கள். நான் எப்போதும் ஒருமையில்தான் வைக்கிறேன். இரண்டு சொற்கள் என்றால் சேர்த்து எழுதுவேன், அல்லது அடிக்கோடு போடுவேன்; இடைவெளி விட்டால் முதல் சொல்லோடு குறிச்சொல் முடிந்துவிடும். வெறும் எண்ணும் செல்லாது, #2024 என்று போட்டால் அது சாதாரண எழுத்தாகவே நிற்கும். தட்டச்சு செய்யும்போது கீழே வரும் பரிந்துரையிலிருந்து எடுப்பது நல்லது, எழுத்துப்பிழையால் புதிதாக ஒன்று முளைக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது மேம்பட்ட இணைய இடைமுகத்தில் (பல பத்திகளை, அதாவது column-களை, அருகருகே காட்டும் திரை அமைப்பு) உள்ள வசதி. ஒரு குறிச்சொல்லைத் தனிப் பத்தியாகப் பொருத்தி, அதனுடன் வேறு குறிச்சொற்களைச் சேர்க்கலாம்: இவற்றில் ஏதாவது ஒன்று, இவை அனைத்தும், இவை எதுவும் இல்லாமல் என மூன்று வகை. #பறவை பத்தியில் #ஒளிப்படம் 'அனைத்தும்' என்று வைத்தால் படத்தோடு வரும் பதிவுகள் மட்டும் பிரிந்து நிற்கும். தினமும் திறப்பது இதைத்தான்.

ஒரு குறை உண்டு. குறிச்சொல் பக்கத்தில் தெரிவது நம் சர்வருக்கு வந்து சேர்ந்த பதிவுகள் மட்டுமே. சிறிய சர்வர் என்றால் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும். 4.0 பதிப்பிலிருந்து குறிச்சொல்லையே பின்தொடரலாம், ஆனால் அதற்கும் இதே வரம்புதான். அதனால் பெரிய சர்வர் ஒன்றின் குறிச்சொல் பக்கத்தை அவ்வப்போது உலாவியில் திறந்து பார்க்கிறேன். பல சர்வர்களில் இதற்குக் கணக்கு தேவையில்லை. அங்கே நன்றாக எழுதுகிறவர் கண்ணில் பட்டால் பின்தொடர்ந்துவிடுவேன். அதன்பின் அவர் எழுதுவது என் சர்வருக்கும் வரத் தொடங்கிவிடும்.