கப்பல் சுற்றுலாவுக்கு இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் கவனத்துக்கு: "பழைய நோயும் உண்டு" என்று சேலத்தில் எங்களிடம் விற்ற பாலிசி

பெற்றோரைச் சிங்கப்பூர்க் கப்பலுக்கு அனுப்பும் யோசனையில் இருப்பவர்கள், அதுவும் டிக்கெட் போடும் டிராவல்ஸிலேயே இன்சூரன்ஸும் எடுக்க இருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அப்பா, அம்மா இருவருக்கும் பழைய நோய்களையும் சேர்த்துக் காப்பீடு என்று சொல்லி எங்களிடம் ரூ.11,800 வாங்கினார்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது ரூ.3,964. அதுவும், அப்பாவுக்கு எந்த நோயும் கிடையாது என்று எழுதிக் கொடுத்து வாங்கிய பாலிசி.

அப்பாவுக்கு வயது 68. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். நெடுநாளாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம். 2019-இல் இதயத்தில் ஒரு ஸ்டென்ட். காந்தி ஸ்டேடியத்தில் அவருடன் காலையில் நடக்கும் நண்பர்களை எல்லாம் ஏற்காட்டு ஓட்டல் ஒன்றுக்கு அழைத்துப்போய், மதியச் சாப்பாடு போட்டு, திரையில் கப்பலைக் காட்டி ஆசை மூட்டினார் டிராவல்ஸ்காரர். ஐந்து ரோட்டுப் பக்கம் அலுவலகம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம், அங்கிருந்து கப்பலில் பினாங்கு, புக்கெட், மறுபடி சிங்கப்பூர். சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது, நன்றாகவே போட்டார்கள் என்று அப்பா இன்றும் சொல்கிறார்.

எனக்கு முதல் கேள்வியே ஸ்டென்ட்டைப் பற்றித்தான். மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு, இதய மருத்துவர் எழுதித் தந்த பயணத் தகுதிச் சான்று எல்லாவற்றையும் படம் எடுத்து டிராவல்ஸ்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இதற்கெல்லாம் சேர்த்துத்தானே?" என்று கேட்டேன். "எல்லாமே கவர் அக்கா. அதற்கென்றே பெரிய பிளான் போடுகிறேன். முதல் அட்வான்ஸ் கட்டிய 15 நாளுக்குள் எடுத்துவிட்டால் பழைய நோயைப் பற்றி யாரும் கேட்கவே மாட்டார்கள். இன்றைக்கே முடித்துவிடுங்கள்" என்று குரல் பதிவாகவே பதில் வந்தது. அந்தப் பதிவுதான் இன்று என் கையில் இருக்கும் பெரிய ஆதாரம்.

அந்த 15 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. அமெரிக்காவில் விற்கும் பயணக் காப்பீடுகளில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. பயணத்துக்கு முதல் முன்பணம் கட்டியதிலிருந்து, பெரும்பாலும் 14 முதல் 21 நாட்களுக்குள் பாலிசி எடுத்தால், வேறு சில நிபந்தனைகளுடன், பழைய நோய்க்குப் பணம் தரமாட்டோம் என்ற விலக்கை நீக்கிவிடுவார்கள். அது அங்கே குடியிருப்பவர்களுக்கு அந்த ஊர் நிறுவனங்கள் விற்கும் பாலிசி. நாம் இங்கே வாங்கும் பாலிசிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. யாரோ வெளிநாட்டு வீடியோவில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நம்மை அவசரப்படுத்த இவர் பயன்படுத்தியிருக்கிறார்.

புறப்படும் அன்று திருச்சி விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதுதான் ஒரு பக்கச் சான்றிதழ் வந்தது. முழுப் பாலிசி கேட்டபோது, "அது நாற்பது பக்கம் அக்கா, ஊருக்கு வந்ததும் பிரிண்ட் எடுத்துத் தருகிறேன்" என்றார்.

பினாங்கை நெருங்கும் இரவு அப்பாவுக்கு நெஞ்சில் அழுத்தம், வியர்வை. கப்பலுக்குள் இருக்கும் மருத்துவ மையத்தில் ஈசிஜி எடுத்து, ரத்தம் பார்த்து, விடியும்வரை வைத்திருந்தார்கள். கப்பலில் ஏறும்போது பதிவு செய்த கார்டில் 1,140 டாலர் எழுதிவிட்டார்கள். கப்பலில் இன்சூரன்ஸ் அட்டையை நீட்டினால் நடக்காது. நாம் கட்டிவிட்டு, ரசீதை வைத்து ஊரில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். காலையில் மருத்துவர், இவரை இதற்கு மேல் கப்பலில் வைத்துக்கொள்ள முடியாது, கரையில் சேர்த்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் பெட்டிகளோடு ஜார்ஜ் டவுனில் இறங்கினார்கள். சாயங்காலம் கப்பல் புக்கெட்டுக்குப் போய்விட்டது.

தனியார் மருத்துவமனையில் முன்பணம் 10,000 ரிங்கிட் கேட்டார்கள். சேர்க்கைப் பிரிவில் இருந்த பெண் தமிழ் பேசினார். அம்மாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, என்னிடம் போனில் பேசி, இன்சூரன்ஸின் உதவி எண்ணுக்கு அவரே அழைத்தார். அரை மணி நேரம் கழித்து அவர் என்னிடம் கேட்டது இது: "அக்கா, உங்கள் பாலிசியில் நோய் எதுவும் இல்லை என்று போட்டிருக்கிறதே, ஸ்டென்ட் வைத்ததைச் சொல்லவில்லையா?"

அப்போதுதான் நிறுவனத்திடமிருந்து முழுப் பாலிசியையும் விண்ணப்பத்தையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்கினேன். விண்ணப்பத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், முந்தைய அறுவை சிகிச்சை என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் எதிரே "இல்லை". தொடர்பு எண் என்ற இடத்தில் டிராவல்ஸ்காரரின் கைபேசி எண். ஓடிபி அவருக்கே போயிருக்கிறது, அவரே ஒப்புதலும் கொடுத்திருக்கிறார். காரணம் சுலபமானது. "ஆம்" என்று போட்டால் விண்ணப்பம் பரிசீலனைக்குப் போகும். அறிக்கை கேட்பார்கள், பிரீமியத்தை ஏற்றுவார்கள், மறுத்தாலும் மறுப்பார்கள். "இல்லை" என்றால் இரண்டு நிமிடத்தில் பாலிசி கையில். மிச்சப் பணம் பையில்.

அப்பாவுக்கு மாரடைப்பு இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. மருந்தை மாற்றிக் கொடுத்து, கண்காணித்து அனுப்பினார்கள். மருத்துவமனை, ஓட்டல், புது விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ நாலரை லட்சம் கைக்காசு. க்ளெய்ம் மறுக்கப்பட்டது: முக்கியமான தகவலை மறைத்தது. பாதியில் நின்ற பயணத்துக்கான பணமும் கிடையாது, ஏனென்றால் அது நின்றதும் அதே நோயால்.

உண்மையைச் சொல்லியே எடுத்திருந்தாலும் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று பாலிசியை வரி வரியாகப் படித்தேன். பழைய நோய் பொது விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான எதிர்பாராத அவசரம் என்றால் மட்டும் விதிவிலக்கு. அதுவும் நோயாளியின் நிலை சீராகும்வரை ஆகும் செலவுக்கு, மொத்தத் தொகையில் ஒரு சிறு பங்குக்குள். 50,000 டாலர் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது பழைய நோய்க்கு இல்லை. நம் ஊரில் விற்கும் பயணப் பாலிசிகள் பலவற்றில் "பழைய நோயும் உண்டு" என்றால் இவ்வளவுதான் பொருள். இதைவிட அதிகம் தரும் திட்டங்களும் இருக்கின்றன. விலை கூடுதல், வயது வரம்பு உண்டு, நோயைச் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே விற்பவரிடம் "கவர் ஆகுமா?" என்று கேட்டுப் பயனில்லை. பழைய நோய்க்கு எத்தனை டாலர் வரை, அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, கப்பல் மருத்துவ மையத்தின் பில்லையும் ஏற்பார்களா, கப்பல் தொடும் எல்லா நாடுகளும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். மருத்துவமனை என்பதற்குப் பாலிசிக்குள் ஒரு விளக்கம் இருக்கும். கப்பல் மையம் அதற்குள் வராமல் போகலாம்.

வீட்டில் ஏற்கனவே மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்றும் நினைக்க வேண்டாம். பாலிசி எடுத்த பிறகு பழைய நோய்க்குப் பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தை 2024-இல் அதிகபட்சம் 36 மாதமாகக் குறைத்தது உள்நாட்டு மருத்துவப் பாலிசிகளுக்கு. அதில் எத்தனை வருடம் கடந்திருந்தாலும் பயணப் பாலிசி புது ஒப்பந்தம்தான். வாங்கிப் பார்த்துவிட்டு 30 நாளில் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் ஓராண்டுக்குக் குறைந்த பாலிசிகளுக்கு இல்லை.

ஊர் திரும்பியதும் அலுவலகத்துக்குப் போனேன். ரூ.11,800-க்கும் ரூ.3,964-க்கும் நடுவில் இருப்பது என்ன என்று கேட்டேன். "சேவைக் கட்டணம் மேடம்" என்றார். அதற்கு ரசீது கேட்டேன். மறுநாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். ஏற்காட்டுச் சாப்பாட்டுக்கு வந்த இன்னும் இரண்டு குடும்பங்களின் பாலிசியையும் வாங்கிப் பார்த்தோம். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு பைபாஸ். இரண்டிலும் அதே "இல்லை".

இப்போது இரண்டு வழிகளில் போகிறோம். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன், மறுத்துவிட்டார்கள். அடுத்தது சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிப்பவர். நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதம் பதில் சொல்லாவிட்டாலோ ஓராண்டுக்குள் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் விசாரிக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. டிராவல்ஸ்காரர் மீது சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தனியாக மனு தயாராகிறது.

இதே மாதிரி பாலிசி எடுத்துவிட்டு இன்னும் புறப்படாதவர்கள், சான்றிதழில் பிரீமியம் என்று அச்சிட்டிருக்கும் தொகையை நீங்கள் கொடுத்த பணத்துடன் ஒத்துப் பாருங்கள். பிறகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கு நீங்களே அழைத்து, உங்கள் பெயரில் போன விண்ணப்பத்தின் நகலைக் கேளுங்கள். நோய்க் கேள்விகளுக்கு எதிரே தப்பாக இருந்தால் பயணத் தேதிக்கு முன்பே எழுத்தில் திருத்தக் கேட்கலாம், ரத்தும் செய்யலாம். பிடித்தம் கொஞ்சம் இருக்கும். ஏறிய பிறகு அதற்கு வழியில்லை. ஐந்து ரோட்டுப் பக்கம் இப்படி ஏமாந்தவர்கள் இருந்தால் தகவல் அனுப்புங்கள். பாலிசி நகலும் பணம் அனுப்பிய விவரமும் இருந்தால் போதும், மனுவில் சேர்த்துக்கொள்கிறோம்.