ஏற்காட்டு மழைக்கு டென்ட் வாங்கப் போகிறீர்களா? முதலில் தையலைக் காட்டச் சொல்லுங்கள்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. சேர்வராயன் மலையில் டென்ட் அடித்து ஓர் இரவு தங்கலாம் என்று கிளம்புகிறவர்கள், குறிப்பாகக் குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போன வருடம் இதே மாதத்தில் என் அக்கா மகனோடு நான் பட்ட பாடு வேறு யாருக்கும் வரக் கூடாது.

அவனுக்குப் பதினொரு வயது. "ஒரு ராத்திரியாவது மலையில டென்ட்ல படுக்கணும் மாமா" என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். காட்டிலாகா நிலத்தில் அனுமதி இல்லாமல் தங்க முடியாது. என் நண்பனின் சித்தப்பாவுக்கு நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் இருக்கிறது. அங்கே தங்கிக்கொள்ளச் சொன்னார். சரி, டென்ட் மட்டும் வாங்கினால் போதும் என்று சேலத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பெயரைப் போடவில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அண்ணா, மலை மழை தாங்குமா? சின்னப் பையனைக் கூட்டிட்டுப் போறேன்."

"இது ஃபுல் வாட்டர்ப்ரூஃப் தம்பி. நாலு சீசன் டென்ட். இமயமலைக்கே இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். டப்பாவில் 190டி என்று அச்சடித்திருந்ததை விரலால் தொட்டுக் காட்டி, "இந்த 190தான் தரம்" என்றார். நாலு பேர் படுக்கும் டென்ட், 7,800 ரூபாய். கீழே விரிக்க ஒரு தார்ப்பாய், 650 ரூபாய். "டென்ட்டை விடப் பெருசா இருந்தாத்தான் ஈரம் ஏறாது" என்று சொல்லி அவரே எடுத்துக் கொடுத்தார். கிளம்பும்போது, "மழை விடலைன்னா உள்ளயே ஸ்டவ்வைப் பத்த வச்சு டீ போட்டுக்கலாம், அவ்வளவு இடம் இருக்கு" என்றும் சொன்னார். பில் கேட்டேன். வரி தனியாக வரும் என்று சொல்லி, 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் தவறு என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நானும் நண்பனும் பையனுமாகக் கோரிமேடு, அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. வானம் வெளுத்துத்தான் இருந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு அப்பால் ஒரு திறந்த மேட்டில் டென்ட்டைக் கட்டினோம். ஒன்பது மணிக்குத் தூறல், பத்து மணிக்கு நல்ல மழை.

முதல் சொட்டு என் நெற்றியில் விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உச்சியில் இரண்டு துணிகள் சேரும் தையலில், ஊசி ஏறி இறங்கிய ஒவ்வொரு துளையிலும் கடுகளவு தண்ணீர் திரண்டு நின்றது. ஒன்று பெருத்துப் பக்கத்துத் துளியோடு சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து நூலைப் பிடித்துக்கொண்டு சரிந்து, மூலைக்கு வந்து ஒழுகின. துண்டால் துடைத்தேன். கையை எடுப்பதற்குள் மறுபடியும் அதே துளைகளில் அதே வரிசை. பதினொன்றரை மணிக்கு முதுகுக்குக் கீழே தரை குளிர்ந்தது. டென்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பெரிய தார்ப்பாய், பெய்கிற மழையை எல்லாம் ஏந்தி எங்களுக்கு அடியில் குட்டை கட்டியிருந்தது. காலை அழுத்தினால் தரைத்துணி வழியாகத் தண்ணீர் மேலே வந்தது.

இரண்டு மணிக்குக் காற்று திரும்பியது. டென்ட்டைத் தாங்கும் ஒரு பக்கத்து ராடு, துண்டுகளைச் சேர்க்கும் இரும்புக் குழலின் இடத்தில் நீளவாக்கில் பிளந்தது. கண்ணாடி இழை ராடு என்பதால் மூங்கில் சிலாம்பு போலப் பிய்ந்து, மேல்துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியது. பிடித்து நிறுத்தப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க இழை ஏறியது.

பையன் அதுவரை நடுங்கிக்கொண்டிருந்தான். "மாமா குளுருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தவனுக்கு அந்த வார்த்தையே குழற ஆரம்பித்தது. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். சேலத்தில் மின்விசிறி போட்டுத் தூங்குகிற இரவில் மேலே கம்பளி தேவைப்படும். அதோடு உடம்பில் ஈரத்துணியும், அடிக்கிற காற்றும். பனி விழாத ஊரிலும் இந்த இரண்டு சேர்ந்தால் உடம்புச் சூடு இறங்கிவிடும். நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது. பேச்சுக் குழறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கடைக்காரர் சொன்னது அப்போது என் ஞாபகத்துக்கு வந்தது. உள்ளேயே ஸ்டவ்வைப் பற்ற வைக்கலாம் என்று லைட்டரைத் தேடினேன். நண்பன் கையைத் தட்டிவிட்டான். "டேய், மூடின டென்ட்டுக்குள்ள பத்த வச்சா புகை தெரியாமயே ஆளைக் கொன்னுடும்டா." அவன் சொன்னது உண்மை. கார்பன் மோனாக்சைடு என்கிற அந்த விஷவாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. துணி தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. அவன் மட்டும் தடுத்திருக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பதே சந்தேகம்.

டென்ட்டை அப்படியே விட்டுவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு, காப்பிச் செடிகளுக்கு நடுவே அரை கிலோமீட்டர் நடந்து குடோனுக்குப் போனோம். காவலாளியின் மனைவி கதவைத் திறந்தார். "ஏன் கண்ணு, இந்த மழையில புள்ளைய வச்சுக்கிட்டு..." என்றவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஈரத்துணியை உருவிப் போட்டு, தன் கம்பளியைச் சுற்றி, உலர்ந்த சாக்குகள்மேல் அவனை உட்கார வைத்து, வெல்லக் காப்பியை வாய் வாயாகக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் பேச்சுத் தெளிந்தது. அந்த அம்மாவுக்கு நான் பட்ட கடன் தீராது.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போனேன். "அது ஒழுகல் இல்ல தம்பி, உங்க மூச்சுக் காத்து. மூணு பேர் படுத்தா உள்ள வேர்க்கத்தான் செய்யும்" என்றார். ராடு உடைந்ததற்கு, "சரியாக் கட்டியிருக்க மாட்டீங்க" என்று முடித்துவிட்டார். திரும்பி வரும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்து சொட்டுவதும் உண்மையிலேயே நடக்கிற விஷயம்தானே.

அதனால் வீட்டு மொட்டை மாடியில் அதே டென்ட்டைக் கட்டினேன். ராடு உடைந்த இடத்தில் ஒரு மூங்கில் குச்சியை வைத்துக் கட்டி நிமிர்த்தினேன். கிழிந்த பக்கத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டேன். தரை முழுக்கப் பழைய செய்தித்தாளை விரித்தேன். உள்ளே யாரும் இல்லை, ஜிப் மூடியிருந்தது. தண்ணீர்க் குழாயின் நுனியை விரலால் அழுத்தி, மழை போல இருபது நிமிடம் மேலே பீய்ச்சினேன். திறந்து பார்த்தபோது செய்தித்தாளில், தையல் போகிற வழிக்கு நேர் கீழே, கோடு கிழித்த மாதிரி ஈரம். மூச்சு விட ஆளே இல்லாத டென்ட்டில் எங்கிருந்து வரும் வேர்வை? எல்லாவற்றையும் வீடியோ எடுத்தேன்.

டென்ட்டை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. நல்ல டென்ட்டில் மேல்துணியின் உட்பக்கத்தில் தையல் மேலேயே ஒரு விரல் அகலத்துக்கு வழவழப்பான டேப் ஒட்டியிருக்கும். சூடாக்கி ஒட்டுவது அது. என் டென்ட்டில் வெறும் நூல். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். கடையிலேயே மேல்துணியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். சிலிக்கோன் பூச்சுள்ள துணியில் மட்டும் டேப் ஒட்டாது. அதற்கென்று இருக்கும் பசையைத் தையலில் தடவியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

190டி என்பது ஒரு சதுர அங்குலத் துணியில் எத்தனை நூல் ஓடுகிறது என்கிற கணக்கு. தண்ணீர் தாங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்க வேண்டிய எண் மில்லிமீட்டரில் இருக்கும். துணியின்மேல் எவ்வளவு உயரத் தண்ணீரை நிறுத்தினால் அது கசியத் தொடங்குகிறது என்று சோதித்துப் போடுவது. 1,500 என்றால் ஒன்றரை மீட்டர் உயரத் தண்ணீர். மேல்துணிக்கு அதுதான் குறைந்தபட்சம். மலை மழைக்கு 3,000 இருந்தால் நிம்மதி. தரைத்துணிக்கு இன்னும் கூட வேண்டும், 5,000 என்றால் நல்லது. மழைத்துளியை விட நம் முட்டியும் முழங்கையும் அதிகமாக அழுத்துகின்றன. இந்த எண்ணே போடாத டப்பா என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாலு சீசன் என்பதையும் நம்பி ஏமாறாதீர்கள். பனியின் பாரத்தையும் பலத்த காற்றையும் தாங்கக் கட்டியதைத்தான் அப்படிச் சொல்வார்கள். நம் மலைகளுக்கு ஒழுங்கான மூன்று சீசன் டென்ட் போதும். ஆனால் இரண்டு அடுக்கு இருக்க வேண்டும். உள்ளே வலை, வெளியே தரைவரை இறங்கும் மேல்துணி, இரண்டுக்கும் நடுவே காற்று ஓட இடம். என் டென்ட்டின் மேல்துணி உச்சியில் தொப்பி மாதிரிதான் இருந்தது. சாய்ந்தடித்த மழை முழுவதும் பக்கச் சுவரில் விழுந்தது. தரைத்துணி ஓரத்தில் ஒரு சாண் உயரம் தொட்டி மாதிரி எழும்பி நிற்கவேண்டும். ராடு அலுமினியமாக இருக்கட்டும். அது வளைந்தாலும் சிலாம்பாகப் பிளக்காது, பெரும்பாலும் நிமிர்த்தி அந்த இரவை ஓட்டிவிடலாம்.

கீழே விரிக்கும் ஷீட் டென்ட்டின் தரையை விடச் சிறியதாகத்தான் இருக்கவேண்டும், ஓரம் ஒரு விரல்கூட வெளியே தெரியக் கூடாது. ஆணியை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் தலை சாய்த்து அடித்து, எல்லாக் கயிற்றையும் கட்டுங்கள். நைலான் துணி நனைந்தால் தொய்யும், படுக்கும் முன் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். எவ்வளவு மழை என்றாலும் மேலே இருக்கும் காற்றுத் துளையை மூடாதீர்கள். பள்ளத்திலும், காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியிலும் கட்டாதீர்கள். திரும்பி வந்ததும் நிழலில் நன்றாக உலர்த்தித்தான் மடிக்கவேண்டும், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உட்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், வாங்கிய அன்றே மாடியில் கட்டித் தண்ணீர் அடித்துப் பாருங்கள். நான் அதை முன்பே செய்திருந்தால் அந்தப் பிள்ளை நடுங்கியிருக்க மாட்டான்.

பில்லை விடாதீர்கள். பில் தர மறுப்பதும், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பொருளைத் திரும்பக் கொடுக்கப் பில்லில் காலக்கெடு போடவில்லை என்றால் முப்பது நாள் கணக்கு. என்னிடம் இருந்தது துண்டுச் சீட்டு மட்டும்தான். நல்லவேளையாகப் பணத்தை யுபிஐயில் அனுப்பியிருந்தேன், தேதியோடு பதிவு இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். புகார் பதிவான பிறகு கடையிலிருந்து போன் வந்தது. அதே டென்ட்டில் வேறொன்று தருகிறேன் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. உடைந்த ராடும் அந்த டென்ட்டும் சாட்சிப் பொருளாகப் பரணில் இருக்கின்றன.

கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இந்த ஆடியில் வேறு டென்ட் வாங்கினேன். விலை இரண்டு மடங்குக்கு மேல். மருமகன் இனி டென்ட் பக்கமே வரமாட்டான் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். மாடியில் நான் கட்டி முடித்ததும் அவனே உள்ளே போய் ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டான். குழாயைத் திறந்து பத்து நிமிடம் அடித்துவிட்டு நிறுத்தினேன்.

"ஒரு சொட்டு இல்ல மாமா. இன்னும் ஊத்துங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.