மைக்ரோடிரைவா, 1541ஆ?

வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சிறந்தது சின்க்ளேரின் ஸ்பெக்ட்ரமா, கமடோர் 64ஆ என்ற சண்டை 1982இல் தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. வண்ணம், ஒலி, ரப்பர் விசைகள் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு அவற்றைவிடப் பிடித்தது, பக்கத்தில் மாட்டிக்கொண்ட சேமிப்புக் கருவிகளின் கதை: ஸ்பெக்ட்ரமுக்கு மைக்ரோடிரைவ், கமடோருக்கு 1541 ஃப்ளாப்பி டிரைவ்.

கேசட்டை முதலில் முடித்துவிடலாம். 48 கேபி ஸ்பெக்ட்ரமில் ஒரு பெரிய விளையாட்டு ஏற ஐந்து நிமிடம் போல ஆகும். கமடோரின் சொந்த டேப் முறை அதைவிட மந்தம். எல்லாவற்றையும் இரண்டிரண்டு முறை பதிவு செய்யும். டேப்பிலிருந்து வேகமாக ஏற்றும் 'டர்போ லோடர்' நிரல்கள் வந்துதான் காப்பாற்றின.

1983இல் சின்க்ளேர் விட்ட மைக்ரோடிரைவ் அழகான யோசனை. விலை 49.95 பவுண்டு, அதை ஸ்பெக்ட்ரமோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் 1 என்ற கருவி தனி. கார்ட்ரிட்ஜ் தீப்பெட்டியைவிடச் சிறியது. உள்ளே 2 மில்லிமீட்டர்கூட அகலமில்லாத டேப், சுமார் 5 மீட்டர், முனையே இல்லாத வளையமாகச் சுற்றியிருக்கும். ஒரு சுற்று வர ஏழெட்டு வினாடி, அவ்வளவுதான். கேசட்டில் நிமிடக்கணக்கில் ஏறியது இதில் சில வினாடிகளில் வந்துவிடும். கொள்ளளவு சுமார் 85 கேபி. புது கார்ட்ரிட்ஜை நாலைந்து முறை ஃபார்மட் செய்தால் இடம் கொஞ்சம் கூடும். டேப் இழுபட்டு நீள்வதுதான் காரணம்! அந்த இழுபடும் டேப்பில்தான் ஆள் தன் வேலையையெல்லாம் நம்பி வைக்க வேண்டும். டேப்பைப் படிக்கும் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பட்டை உதிர்ந்தால் கார்ட்ரிட்ஜ் படிக்காது.

கமடோரின் 1541 இதற்கு நேர்மாறு. கனமான பெட்டி, கம்ப்யூட்டருக்கு ஈடான விலை. ஃப்ளாப்பியின் ஒரு பக்கத்தில் 170 கேபி கொள்ளும். ஆனால் வேகம் வினாடிக்கு 400 பைட் அளவுதான், ஃப்ளாப்பிக்கு இது அநியாயம். கமடோரின் முந்தைய கம்ப்யூட்டரான விக்-20க்காக இந்த இணைப்பை வடிவமைத்தபோது, தரவை அனுப்பி வாங்கும் 6522 சிப்பில் இருந்த கோளாறால், மென்பொருளே ஒவ்வொரு பிட்டாகத் தள்ள வேண்டியதாயிற்று. அந்த வினை கமடோர் 64 வரை தொடர்ந்தது. போதாததற்கு ஃபார்மட் செய்யும்போது தலை தடுப்பில் போய் 'டடடட' என்று மோதும். மோதி மோதியே சில டிரைவ்களில் தலை இடம் விலகிவிடும்.

அப்படியிருந்தும் என் ஓட்டு 1541க்கே. அதற்குள் 6502 பிராசசரும் 2 கேபி ராமும் உண்டு. அதுவே ஒரு தனிக் கம்ப்யூட்டர். அதனால் வெளியிலிருந்து புது நிரலை அனுப்பி, அதன் பேசும் முறையையே மாற்ற முடிந்தது. 1984இல் வந்த எபிக்ஸ் ஃபாஸ்ட் லோட் கார்ட்ரிட்ஜைக் கமடோர் 64இல் செருகினால் வேகம் சுமார் ஐந்து மடங்கு. மந்தத்துக்கு மருந்து கிடைத்தது. இழுபட்ட டேப்புக்கு என்ன மருந்து இருக்கிறது?

கையில் 80 பவுண்டு மட்டும் வைத்திருந்த 1983ஆம் வருடத்துப் பிரிட்டன் இளைஞனிடம் இதைச் சொல்ல மாட்டேன். அந்தக் காசுக்கு மைக்ரோடிரைவும் இன்டர்ஃபேஸ் 1உம் சேர்ந்தே கிடைத்தன, அவனுக்கு அதுதான் சரி.

இன்று சேகரிப்பவர்கள் 1541 வாங்கினால் தலையைச் சுத்தம் செய்து, விலகியிருந்தால் சரிசெய்து ஓட்டலாம். ஸ்பெக்ட்ரம்காரர்கள் முதலில் இன்டர்ஃபேஸ் 1ஐத் தேடுங்கள். மைக்ரோடிரைவுக்குப் பதிலாக மெமரி கார்டில் ஓடும் கருவிகள் அதில்தான் பொருந்தும்.