கடல் தெரியும், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்

கடலோர வில்லா என்று நம்பி, ஆரோவில் பக்கம் இரண்டு இரவுக்கு 22,000 ரூபாய் கட்டி ஏமாந்தோம். அந்தப் பக்கம் அறை தேடுகிறவர்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

விளம்பரம் இப்படி இருந்தது: மூலையே இல்லாத மண் வீடு, ஏசி தேவைப்படாது, படுக்கையிலிருந்தே கடல், மாலையில் கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். அந்தக் கடைசி வரியிலேயே நான் விழித்திருக்க வேண்டும். நமக்குக் கடல் கிழக்கே. அங்கே சூரியன் எப்படி மறையும்? படம் மேற்குக் கரையில் எங்கேயோ எடுத்ததாக இருக்க வேண்டும். அழகைப் பார்த்ததும் திசை மறந்துவிட்டது.

அறை பதிவு செய்யும் செயலியில் வாடகை 24,000. உரிமையாளர் போனில் பேசி, "நேரா ஜிபேயில போட்டுடுங்க சார், ரெண்டாயிரம் குறைச்சுக்கலாம்" என்றார். போட்டேன். இதுதான் நான் செய்த பெரிய தப்பு.

வரைபடத்தில் புள்ளி கடற்கரை மணலிலேயே இருந்தது. கிளம்பிய அன்று காலையில் வேறொரு லொகேஷன் வந்தது. அது ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, ஒரு முந்திரித் தோப்புக்குள் இருந்தது.

"கடல் எங்கண்ணே?" என்று அங்கிருந்த காவலாளியைக் கேட்டேன். பாவம், அவருக்கே கூச்சம். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி மேடையைக் காட்டினார். இரும்பு ஏணியில் ஏறிப் பார்த்தால் சவுக்குத் தோப்புக்கு மேலே வேட்டிக்கரை அகலத்துக்கு ஒரு நீலக்கோடு. கீழேயிருந்து அம்மா, "தெரியுதாடா?" என்றார். மூட்டுவலிக்காரரிடம் என்ன சொல்ல?

சரி, வீடாவது நன்றாக இருக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஆரோவில் வட்டாரத்தில் உண்மையான மண் கட்டடங்கள் நிறைய உண்டு. மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து, எந்திரத்தில் அழுத்தி, சுடாமல் பதப்படுத்திய கல்லில் கட்டுவார்கள். ஆரோவில் பார்வையாளர் மையத்துக்குப் போனால் பார்க்கலாம்; சுவர் கனமாக, காற்று ஊடுருவும்படி, நிழல் விழும்படி இருக்கும். எங்களுக்குக் கிடைத்தது கம்பிவலையில் சிமெண்ட் பூசிய மெல்லிய கூண்டு. மேலே செம்மண் நிறத்தில் பெயிண்ட். குளியலறைப் பக்கம் பூச்சு உதிர்ந்து, உள்ளே துருப்பிடித்த வலை தெரிந்தது. கூரை உச்சியில் சூடான காற்று வெளியேற ஒரு துளைகூடக் கிடையாது. மே மாத வெயிலைப் பகலெல்லாம் வாங்கிக்கொண்டு ராத்திரி எங்கள் மேல் இறக்கியது. முதல் இரவு இரண்டு மணிவரை வாசலில்தான் உட்கார்ந்திருந்தோம். குழாயில் உப்புத் தண்ணீர் வேறு; சோப்பு நுரைக்கவே இல்லை.

மறுநாளே கிளம்பிவிட்டோம். மீதிப் பணம் கேட்டால், "தொட்டி மேலிருந்து தெரியுதே சார், அதுவும் சீ வியூதானே?" என்கிறார் உரிமையாளர். செயலிக்காரர்கள், வெளியே கட்டிய பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று முடித்துக்கொண்டார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நாம் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. ஜிபே ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், தொட்டி மேலிருந்து எடுத்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் பதிவு செய்யும் முன் வீடியோ காலில் கட்டில் மேல் போனை வைத்து ஜன்னலைக் காட்டச் சொல்லுங்கள். லொகேஷனைப் பணம் கட்டும் முன்பே வாங்குங்கள். ஈசிஆருக்கு எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நேற்று அந்த விளம்பரத்தைத் திரும்பப் பார்த்தேன். "படுக்கையிலிருந்தே கடல்" போய் "கடற்காற்று வீசும்" என்று மாறியிருக்கிறது. சூரியன் மட்டும் இன்னமும் கடலில் மறைந்துகொண்டிருக்கிறது.