சிம்ஸ் 4 குழந்தைகளுக்கு ஏற்றதா? இரண்டு ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு

சிம்ஸ் 4 என்ற கணினி விளையாட்டைப் பற்றி மற்ற பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அதில் முத்தமெல்லாம் வருமாமே?" என்பதுதான். வரும். அதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் 12 வயது மகளும் 9 வயது மகனும் சுமார் இரண்டு ஆண்டுகளாக விளையாடுவதைப் பார்த்ததில், என் கவலைப் பட்டியலில் முத்தம் மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டது. முதலிடம் ஆட்டத்துக்குள்ளேயே திறந்து கிடக்கும் கடைக்கு.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகில். வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம். ஆட்டத்தின் எழுத்துகள் இந்த இரண்டிலுமே கிடையாது; பதினெட்டு மொழிகள் வரை இருந்தும் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. ஆட்டத்தில் வரும் கதாபாத்திரங்கள் பேசுவது 'சிம்லிஷ்' என்ற கற்பனை மொழி. ஆகவே கெட்ட வார்த்தை காதில் விழுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறும் குழந்தை கண்ட இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கும். என் மகன் அப்படி அழுத்தித்தான் முதல் வாரமே சமையலறையைக் கொளுத்தினான். சமைக்கத் தெரியாத ஆளை அடுப்பின் முன் நிறுத்தினால் தீப்பிடிக்கலாம் என்பது ஆட்டத்தின் விதி.

விளையாடாதவர்களுக்காக: இதில் வெற்றி தோல்வி இல்லை. 'சிம்' எனப்படும் மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டி, வேலைக்கு அனுப்பி, குடும்பம் நடத்த வேண்டும். முதல் சிம்ஸ் 2000இல் வந்தது. நான்காவது 2014இல் வந்து, 2022 அக்டோபர் முதல் அடிப்படை ஆட்டம் இலவசமாகிவிட்டது. கணினியில் 20 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும்.

வயது வரம்பைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால் தலைதான் சுற்றும். ஐரோப்பாவில் 12, அமெரிக்காவில் பதின்பருவத்தினருக்கு, ஜெர்மனியில் 6, ரஷ்யாவில் 18. ரஷ்யாவின் 18க்குக் காரணம், ஒரே பாலினத்தவரும் இதில் காதலிக்கலாம், மணக்கலாம் என்பது. எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பெரியவர்களின் நெருக்கம் போர்வைக்கு அடியிலும் பறக்கும் இதயங்களிலும் முடிந்துவிடுகிறது. குளிக்கும்போது உடலைக் கட்டம் கட்டமாக மங்கலாக்கி மறைத்துவிடுகிறார்கள். சிறுவர் பருவப் பாத்திரங்களுக்குக் காதல் வாய்ப்பே வராது. தொலைக்காட்சித் தொடர்களைக் குடும்பத்தோடு பார்க்கும் வீடுகளுக்கு இது ஒன்றுமே இல்லை.

எங்கள் வீட்டைக் கலக்கியது சாவு. மகள் தன் அம்மாயியை, அதாவது அம்மாவின் அம்மாவைப் போலவே ஒரு முதிய பாத்திரத்தை உருவாக்கி, நடுமுற்றம் வைத்து வீடும் கட்டிக் கொடுத்தாள். தானாக வயதேறும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்ததால் சில நாள் விளையாட்டிலேயே அந்தப் பாத்திரம் முதுமையில் சரிந்து விழுந்தது. கறுப்பு அங்கியும் அரிவாளுமாக எமன் வந்து கூட்டிப் போனான். மகள் அழவில்லை. நேராகப் போய்த் தொலைபேசியை எடுத்து, "அம்மாயி, உங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டாள். "தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறேன் சாமி, எனக்கென்ன கேடு?" என்றார் அம்மாயி. அமைப்புகளில் வயதேறுவதை நிறுத்தலாம், ஆயுளை நீட்டலாம். சின்னக் குழந்தை என்றால் விளையாடத் தொடங்கும் முன்பே அதைச் செய்துவிடுங்கள்.

மகன் வேறு ரகம். கதவில்லாத அறைக்குள் ஆளை வைத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பான். சிரித்துச் சிரித்தே சாவது, அவமானத்தில் சாவது என்று இதில் இருக்கும் சாவு வகைகளெல்லாம் அவனுக்கு மனப்பாடம். இதைக் கொடூர புத்தி என்று நான் நினைக்கவில்லை. கடிகாரத்தைப் பிரித்துப் பார்க்கும் பையனின் ஆர்வம்தான் அது. ஆனால் இரவில் கல்லறையிலிருந்து ஆவி எழுந்து வந்தபோது அவனே என் அருகில் வந்து ஒட்டிக்கொண்டான்.

இனி கடை. முகப்புத் திரையிலேயே, காசு கொடுத்து ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் புதுத் தொகுப்புகளின் விளம்பரம். நாய், பூனை வேண்டுமா, தனித் தொகுப்பு. பருவங்கள் வேண்டுமா, அதற்கும் தனி. எங்கள் ஊருக்கு மழை பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சும்மா வருகிறது. சிம்ஸ் ஊரில் மழை பெய்ய 'சீசன்ஸ்' வாங்க வேண்டும்! பெரிய தொகுப்பு ஒன்றின் அமெரிக்க விலை 40 டாலர். 2014 முதல் வந்த எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு நல்ல கறவை மாடே வாங்கிவிடலாம். இலவசம் என்று உள்ளே விட்டுவிட்டுக் குழந்தையின் கண்முன்னே வரிசையாகப் பொருளை ஆட்டிக் காட்டும் இந்த வியாபாரம் எனக்குப் பிடிக்கவில்லை. தள்ளுபடி வரும்போது பிறந்தநாளுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம். ஆட்டக் கணக்கில் எந்த வங்கி அட்டை விவரமும் சேமித்து வைக்கவில்லை. வாங்கியதில் காசுக்குத் தகுந்தது, கோழியும் மாடும் வரும் 'காட்டேஜ் லிவிங்'. மாடு சாக்லேட் பால் கறப்பதை மட்டும் அம்மாயியால் இன்னும் ஏற்க முடியவில்லை.

இந்த ஆட்டம் பணத்தின் அருமையைக் கற்றுக்கொடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டணம் கட்டாவிட்டால் மின்சாரமும் தண்ணீரும் துண்டிக்கப்படுவது உண்மைதான். ஆனால் 'மதர்லோட்' என்ற குறுக்குவழிச் சொல்லைத் தட்டினால் ஆட்டப் பணம் 50,000 வந்து விழும் என்பதைக் குழந்தைகள் முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நேரக் கட்டுப்பாடு பெரும்பாடு. நிலைகள் இல்லாததால் 'இது முடிந்ததும் நிறுத்து' என்று சொல்ல ஓர் இடமே கிடையாது. சாதாரண வேகத்தில் ஒரு சிம் நாள் 24 நிமிடம். ஆகவே இரண்டு சிம் நாள் என்று கணக்கு வைத்தேன். வீடு கட்டும்போது ஆட்டத்தின் கடிகாரம் நின்றுவிடும் என்பதைக் கண்டுகொண்ட மகள், ஒரு சனிக்கிழமை முழுவதும் மாடிப்படி கட்டினாள். இப்போது சுவர்க் கடிகாரம்தான் கணக்கு.

இன்னும் இரண்டு அமைப்புகளைக் கவனியுங்கள். பிறர் செய்த வீடுகளையும் ஆட்களையும் இறக்கிக்கொள்ளும் 'கேலரி' இணைய வழி இயங்குவது. ஆட்டத்தின் இணைய அனுமதியை நீக்கினால் அது வராது. வெளியார் செய்யும் 'மாட்' கோப்புகளில் அப்பட்டமான ஆபாசமும் உண்டு; மேலே சொன்ன வயது வரம்புகள் எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. அதற்கான அனுமதியை அணைத்தே வையுங்கள், அவ்வப்போது கோப்புறையையும் திறந்து பாருங்கள்.

11 வயதுக்கு மேல், ஆங்கிலம் வாசிக்கும் குழந்தை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். 9 வயதில் பெரியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும். அதற்கும் கீழே என்றால் அவசரம் வேண்டாம். மகள் இப்போது 2025இல் வந்த 'இன்சாய்' என்ற இதே மாதிரி ஆட்டத்தைக் கேட்கிறாள். அது கேட்கும் கிராஃபிக்ஸ் கார்டு எங்கள் லேப்டாப்பில் இல்லாததால், அந்த வழக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.