பார்லே-ஜி: டீக்கு நாலு ஸ்டார், டிவிக்கு மூன்றரை

பார்லே-ஜிக்கெல்லாம் விமர்சனமா என்று சிரிக்க வேண்டாம். மதுரையில் உள்ளூர்க் கடைகளுக்கு டிவி, எஃப்எம், தியேட்டர் ஸ்லைடு என்று விளம்பரம் பிடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இது எங்கே விளம்பரம் கொடுக்கிறது என்றுதான் புத்தி முதலில் போகும். எங்கள் வீட்டில் மில்க் பிகிஸ் கட்சி உண்டு, மாரி கட்சி உண்டு. தமிழ்நாடே மில்க் பிகிஸ் பக்கம் சாய்ந்த ஊர்தானே. பார்லே-ஜி கட்சிக்கு நான் ஒருத்தன்தான். அதற்குப் பாதிக் காரணம் ருசி, மீதிப் பாதி 2020 அக்டோபரில் டிவி விளம்பரம் பற்றி அந்தக் கம்பெனி சொன்ன வார்த்தை.

முதலில் ருசி. வாயில் வைத்ததும் இனிப்புதான் முந்திக்கொண்டு வரும். வழக்கமான டீக்கடைச் சர்க்கரையோடு சேர்ந்தால் ரெண்டாவது பிஸ்கட்டிலேயே திகட்டிவிடும். ‘சர்க்கரை கம்மியா, ஸ்ட்ராங்கா’ என்று சொல்லி வாங்கினால் கதையே வேறு. முக்கால்வாசி முக்கி, நடுவில் பொறித்திருக்கும் எழுத்து ஊறி மங்கத் தொடங்கும்போது எடுத்துவிட வேண்டும். அசந்தால் பாதி பிஸ்கட் கிளாசின் அடியில் கூழாகக் கிடக்கும். அந்தக் கூழையும் ஸ்பூன் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள், அது அவரவர் விருப்பம். டீ இல்லாமல் வெறும் வாயில் தின்பதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

விலை விஷயத்தில் ஒரு ஸ்டாரைக் கழிக்கிறேன். 1994 வாக்கில் 4 ரூபாய்க்கு விற்ற பாக்கெட் 2021 வரைக்கும் அதே 4 ரூபாய்தான். உள்ளே இருந்த 100 கிராம்தான் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. முன்பக்கம் அதே குழந்தை சிரிக்கிறது, எடை மட்டும் பொடி எழுத்தில் ஒதுங்கி நிற்கிறது. கிராம் கிராமாகக் கணக்குப் பார்க்கிற கம்பெனி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 2020. அக்டோபர் 8ஆம் தேதி மும்பை போலீஸ் கமிஷனர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, சில சேனல்கள் டிஆர்பிக்காக, அதாவது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கை ஏற்றிக் காட்ட, வீடுகளுக்குக் காசு கொடுத்து டிவியை ஓடவிட்டதாகக் குற்றம் சாட்டினார். அந்த வாரமே பஜாஜ் ஆட்டோவின் ராஜீவ் பஜாஜ், மூன்று சேனல்களுக்கு இனி விளம்பரம் கிடையாது என்று ஒதுக்கிவிட்டதாகச் சொன்னார். பின்னாலேயே பார்லே. விஷம் கக்கும் செய்திச் சேனல்களுக்கு எங்கள் விளம்பரம் இல்லை என்று அதன் அதிகாரி கிருஷ்ணராவ் புத்தா அறிவித்தார். மற்ற கம்பெனிகளும் ஒன்றாகச் சேர்ந்து கையை இழுத்துக்கொண்டால்தான் சேனல்களுக்கு உறைக்கும், அதற்கு வழி பார்க்கிறோம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

இதில் இரண்டாவதாகச் சொன்னதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒரு கம்பெனி விலகினால் அந்தப் பத்து செகண்ட் காலியாகவா கிடக்கும்? ரேட்டைக் கொஞ்சம் இறக்கினால் மாலைக்குள் ஒரு பான் மசாலாக்காரன் வந்து உட்கார்ந்துவிடுவான். தனியாகப் போனால் பேர் கிடைக்கும், சேனலுக்கு உறைக்காது. அதைப் புரிந்து பேசியிருக்கிறார்கள்.

‘எங்க விளம்பரம் எந்த நிகழ்ச்சியில வருதுன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?’ என்று சில பெரிய கம்பெனிகள் கேட்பதுண்டு. தெரியும் சாமி, நன்றாகவே தெரியும். ஸ்பாட், அதாவது ஒரு தடவை போடும் விளம்பரம், ஓடி முடிந்ததும் பில்லோடு டெலிகாஸ்ட் சர்டிபிகேட் வரும். எந்தத் தேதி, எத்தனை மணி எத்தனை நிமிஷம், எந்த நிகழ்ச்சி என்று வரிசையாக இருக்கும். அதை டிக் அடித்துப் பார்த்துத்தான் செக்கே போடுவார்கள். ஒரு ஸ்பாட் விடுபட்டால் போனில் கத்துகிறவர்கள், பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் நிகழ்ச்சிப் பெயரை மட்டும் எப்படிப் படிக்காமல் விடுவார்கள்? வேண்டாத நேரத்தை, விளம்பரம் போடச் சொல்லிச் சேனலுக்குக் கொடுக்கும் ரிலீஸ் ஆர்டரிலேயே எழுதிக் கொடுக்கலாம். என்ன, நாள் முழுக்க எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்று விட்டால் ரேட் மலிவு, நேரம் சொல்லிக் கேட்டால் ஏறும். கிராம் கணக்குப் பார்க்கிற கம்பெனி அந்தச் செலவுக்கு ஒப்புக்கொண்டது என்றால் நான் மதிக்கிறேன்.

என் பார்ட்டிகளில் ரெண்டு ரகமும் உண்டு. ஒரு ஜவுளிக்கடை முதலாளி, ‘யார் அடிச்சுக்கிட்டா நமக்கென்ன தம்பி, கூட்டம் பாக்குதா இல்லையா?’ என்பார். ஒரு மசாலாப் பொடிக்காரர் நேர் எதிர். சாதிச் சண்டை மூட்டும் யூடியூப் பேட்டிகளில் தன் பேர் வரக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ‘என் பொடியை எல்லார் வீட்லயும்தான் வாங்குறாங்க’ என்றார். இதைவிடத் தெளிவாக எந்த எம்பிஏ படித்தவனும் எனக்குச் சொன்னதில்லை.

‘டிஆர்பிதான் எங்களை ஆட்டுவிக்கிறது’ என்று விளம்பரம் கொடுக்கிறவர்கள் சொல்லும் சாக்கும் பார்த்தாகிவிட்டது. நாடு முழுக்க சுமார் 44,000 வீடுகளில் எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறிக்க வைத்த பெட்டிதான் அப்போது கணக்கு. அந்த அக்டோபரிலேயே செய்திச் சேனல்களுக்கான ரேட்டிங்கை, அந்தக் கணக்கை எடுக்கும் பார்க் (BARC) அமைப்பு நிறுத்தியது. மறுபடி வெளியிட்டது 2022 மார்ச்சில். கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் நம்பரே இல்லை. விளம்பரம் நின்றதா? ஓடிக்கொண்டேதான் இருந்தது. நம்பர் இல்லாமலும் பணம் போகும் என்றால், எங்கே போக வேண்டும் என்பதை ஆள்தான் முடிவு செய்கிறான்.

சரி, பார்லேக்கு ஏன் முழு ஸ்டார் இல்லை? எந்தெந்தச் சேனல் என்று சொல்லவில்லை. விஷம் என்பதற்கு என்ன அளவுகோல் என்றும் விளக்கவில்லை. கூட்டுச் சேர்ந்து பணத்தை நிறுத்தும் பேச்சு பேச்சாகவே நின்றது. கையில் ரிமோட்டோடு உட்கார்ந்திருக்கிற நான் அந்த வாக்கு இன்றைக்கும் நிற்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது? ‘பகையைப் பரப்புகிற இடம்’ என்று ஒரு கம்பெனி தன் இஷ்டத்துக்கு முத்திரை குத்தினால், நாளை அதே கையால் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிற சேனலையும் ஒதுக்கலாம். விளம்பரத்தை நிறுத்தி மிரட்டுவது நம் ஊர்ப் பத்திரிகைகளுக்குப் புதிதில்லை. அதனால்தான் விதியை எழுதி வெளியே வைக்கச் சொல்கிறேன்.

வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். சின்ன பாக்கெட்டாக வாங்குங்கள். பெரியதைப் பிரித்து டப்பாவில் போட்டால் மழைக்காலத்தில் ரெண்டே நாளில் நமுத்துவிடும். கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிற பழக்கம் உள்ளவர்கள் அப்படியே அந்தச் சேனல் பட்டியலையும் கேட்டு எழுதுங்கள், கஸ்டமர் கேர் முகவரி பாக்கெட்டிலேயே இருக்கிறது.