மடக்குக் கத்தி ஆலையா, கொல்லர் பட்டறையா?

கத்தி உருவாவதை நேரில் காண விரும்பும் குமரி மாவட்டத்தாருக்கு இரண்டு வழிகள் உண்டு: தென் பிரான்சின் லயோல் ஊரிலுள்ள மடக்குக் கத்தி ஆலை, அல்லது குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்துக் கொல்லர் பட்டறை.

19-ஆம் நூற்றாண்டிலிருந்து மடக்குக் கத்தி செய்துவரும் லயோலில், ஒரே தொழிலாளி ஒரு கத்தியைத் தொடக்கம் முதல் இறுதிவரை தாமே பொருத்துவது மரபு. அலகை இறுக்கிப் பிடிக்கும் எஃகு வில்லின் (ஸ்பிரிங்) முதுகில் அரத்தால் அவர் செய்யும் பூவேலையும், சிறு ஆணிகளால் பிடியில் பதிக்கும் இடையர் சிலுவையும் பொறுமைக்குப் பாடம். ஆயினும், எஃகுக்கு உரம் ஏற்றும் வேலை அங்கே உலைப்பெட்டிக்குள் மறைந்துவிடுகிறது.

நம் பட்டறையிலோ அது கண்ணெதிரே நடக்கிறது. துருத்தி ஊத உலையில் பழுத்த எஃகு, சம்மட்டி அடியில் பனையேறியின் பாளை அரிவாளாகவோ ரப்பர் பால்வெட்டும் கத்தியாகவோ வடிவெடுக்கிறது. தண்ணீரில் தோய்த்ததும் அது கடினமாகும். ஆனால் எளிதில் உடையும் என்பதால், மறுபடி மிதமாகச் சூடேற்றி, மேற்பரப்பில் வைக்கோல் நிறம் படரும் நொடியில் கொல்லர் நிறுத்துகிறார். அந்த ஒரு நொடிக்காகவே நான் பட்டறையை முதலில் பரிந்துரைப்பேன்.

உலை மூட்டும் காலை நேரத்தில், அனுமதி பெற்று, பருத்தி உடையில் செல்லுங்கள், பொறி தெறிக்கும்.